தோற்ற எம்.பி. திரும்பி வர: இடைத்தேர்தலா, பிரபுக்கள் சபையா?

பிரிட்டனில் பதவியை இழந்த அல்லது விட்டு விலகிய பெரிய தலைகள் திரும்பி வர இரண்டு வழிகள். கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர் மைக்கேல் போர்ட்டில்லோ இடைத்தேர்தலில் நின்றார். அதே கட்சியின் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரூன் பிரபுப் பட்டம் வாங்கி, நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போனார்.

செலவு: இடைத்தேர்தலுக்கு 500 பவுண்ட் டெபாசிட், 5 சதவீத ஓட்டு வராவிட்டால் போச்சு. வேட்புமனுவில் அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் மனு செல்லாது. பிரபுவுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை, பிரதமரின் பரிந்துரையும் நியமன ஆணையத்தின் பின்னணிச் சோதனையும்தான்.

வேகம்: 1997 மே மாதம் என்ஃபீல்ட் சவுத்கேட்டில் 1,433 ஓட்டில் தோற்ற போர்ட்டில்லோ, பாதுகாப்பான கென்சிங்டன் அண்ட் செல்சி தொகுதி காலியாகும்வரை, 1999 நவம்பர் வரை காத்திருந்தார். கேமரூனுக்கு 2023 நவம்பர் 13 அன்று வெளியுறவுத் துறை கிடைத்தது, ஒரே நாளில்.

பிடிமானம்: இங்கேதான் பிரபு வழி இடறுகிறது. கேமரூனால் மக்களவையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. துணை அமைச்சர் ஆண்ட்ரூ மிட்செல்தான் எழுந்து நின்றார். கட்சித் தலைமைக்குப் போட்டியிடவும் மக்களவை இருக்கை வேண்டும். போர்ட்டில்லோ 2001-ல் போட்டியிட்டு, கட்சி எம்.பி.க்கள் வாக்கெடுப்பில் ஒரே ஓட்டில் வெளியேறினார்: அவருக்கு 53, சக போட்டியாளர் டங்கன் ஸ்மித்துக்கு 54.

ஆக, தலைமைக் கனவு இருந்தால் இடைத்தேர்தல். அமைச்சர் வேலை மட்டும் போதும், வீடு வீடாக ஓட்டு கேட்க உடம்பு ஒத்துழைக்காது என்றால் பிரபுக்கள் சபை.