கோலாலம்பூர் குளியலறைக்கு நியூட்ரல் சிலிகான்தான்

கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்கு வந்து குடியேறியவர்கள் குளியலறை இடுக்குகளை அடைக்க ஹார்டுவேர் கடையில் கைக்கு வந்த சிலிகான் ட்யூபை எடுத்துவிடாதீர்கள். பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. கண்ணாடியின் பின்பூச்சையும் செம்பையும் அரிக்கும், மார்பிளில் நிற்காமல் பெயரும். ‘நியூட்ரல்’, பூஞ்சைத் தடுப்பு என்று அச்சிட்டதே இந்த ஈரக் காற்றுக்குச் சரி. விலை கூடுதல்தான், ஆனால் தகும். 300 மி.லி. ட்யூபை 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள பட்டையாக இழுத்தால் சுமார் 8 மீட்டர் வரும். பழைய சிலிகான் மேல் புதியது சரியாக ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். ஈரம் மிஞ்சினால் அடியிலிருந்தே கருப்புப் பூஞ்சை ஏறும். பூசியபின் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள்: கெட்டுப்போனது இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.