பின்னோக்கி எண்ணிக் கழித்தல்: இரண்டு பிள்ளைகளோடு கண்டது

பாலர் பள்ளி வயதில் கழித்தலைத் தொடங்கிவைக்க, பின்னோக்கி எண்ணுவதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கழிக்க வேண்டிய எண் 1, 2, 3 என்று சிறியதாக இருக்கும்வரைதான் அது நல்ல வழி. அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை களைத்துப்போகும், கணக்கே பிடிக்காமல் போய்விடும். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். மூத்த மகள் பாலர் பள்ளியில் கே1 வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தோம். இப்போது அவள் தொடக்கநிலை 3 (மூன்றாம் வகுப்பு), தம்பி கே2 (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு). இருவரிடமும் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கழித்தலுக்குப் போவதற்கு முன்னால் எண்கள் பின்னாலிருந்து தடையில்லாமல் வர வேண்டும். 1, 2, 3 என்று ஏறுவது பாட்டுபோல வந்துவிடும். இறங்குவது அப்படி வராது. 10-லிருந்து இறங்க ராக்கெட் விளையாட்டு போதும். அதற்கு மேலே உள்ள எண்களுக்கு எங்களுக்கு உதவியது சாலைதான். பாதசாரிகள் கடக்கும் இடத்தில், விளக்கில் தெரியும் பச்சை மனிதனோடு சேர்ந்து எத்தனை விநாடி மிச்சம் என்று எண் குறைந்துகொண்டே வருமே, அதைத் தம்பி சத்தமாகப் படித்துக்கொண்டே நடப்பான். அவன் ஆங்கிலத்தில் சொல்ல, கையைப் பிடித்திருக்கும் பாட்டி தமிழில் சொல்வார். அவனுக்குச் சிக்கும் இடம் பத்துகள் மாறும் இடம்: 20-க்கு அடுத்து 19, 30-க்கு அடுத்து 29. அக்காவும் அதே இடத்தில்தான் தயங்கி நின்றாள். அதனால் 22, 21, 20, 19, 18 என்று அந்தத் துண்டை மட்டும் பழக்கினால் போதும். முழுவதையும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது வீண்.

அடுத்து வருவதுதான் உண்மையான சிக்கல். 8 − 3 என்றால் பிள்ளைகள் மூன்று விரலை நீட்டி "8, 7, 6" என்று சொல்லி, விடை 6 என்பார்கள். ஒன்று கூடுதல். தொடங்கும் எண்ணையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். எந்தப் பிள்ளையிடமும் இதைப் பார்க்கலாம்; கவனக்குறைவு என்று திட்டக் கூடாது. பொருள்களை எண்ணும்போது முதல் பொருளிலிருந்துதானே எண்ணச் சொல்லித் தந்தோம்? அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவருகிறார்கள். "8-ஐ எண்ணாதே" என்று விதியாகச் சொன்னால் அன்றைக்கு மட்டும் நிற்கும், மறுநாள் போய்விடும்.

இதைத் தீர்த்துவைத்தது எங்கள் புளோக்கின் லிஃப்ட். நாங்கள் இருப்பது 11வது மாடி. "மூணு மாடி இறங்கினா எங்க இருப்போம்?" என்று கேட்டேன். மகள் 11 என்று சொல்லி விரலை மடக்கப் போனாள்.

"நாம இன்னும் 11-லதானே நிக்கிறோம் கண்ணு. லிஃப்ட் நகர்ந்தாதான் ஒண்ணு."

கதவு மூடியது. 10 வந்ததும் ஒரு விரல், 9 வந்ததும் இன்னொன்று, 8-க்கு மூன்றாவது. எண்ண வேண்டியது எண்களை அல்ல, நகர்வுகளை என்பது அவளுக்கு அங்கேதான் விளங்கியது. தம்பிக்கும் அதே லிஃப்டில்தான் விளங்கியது. லிஃப்டில் எண்ணைப் படிப்பதோடு நிற்காமல் உடம்போடு இறங்குகிறோமே, அதனால்தான் இவ்வளவு நன்றாகப் பதிகிறது என்று நினைக்கிறேன். லிஃப்ட் பிடிக்காத பிள்ளைக்குப் படிக்கட்டு இன்னும் நல்லது. ஒவ்வோர் அடியும் காலுக்கே தெரியும்.

அப்புறம்தான் தாள். ஒரு நீளத் தாளில் 0 முதல் 20 வரை கோட்டின்மேல் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். 0 கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 3 − 3 வரும்போது பிள்ளை எங்கே நிற்கும்? ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வளைகோடு வரைந்து, வளைகோடுகளை எண்ணச் சொல்வேன். முதலில் தொட்டுச் செய்வது, பிறகு படம், கடைசியில் வெறும் எண்ணும் குறியும் என்ற இந்த வரிசை சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பழக்கமானதுதான். 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன கருத்திலிருந்து வந்தது அது. வீட்டிலும் அதே வரிசையில் போனால் பிள்ளைக்குக் குழப்பம் இல்லை.

சரி, எல்லைக்கு வருகிறேன். மகளைச் சில காலம் ஒரு துணைப்பாட நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கே 13 − 8, 15 − 9 என்று பக்கம் பக்கமாகக் கொடுத்து, எல்லாவற்றையும் பின்னோக்கி எண்ணியே செய்யச் சொன்னார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எட்டு எண் பின்னால் போகும்போது பிள்ளை இரண்டு கணக்கை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: இப்போது எந்த எண்ணில் இருக்கிறேன், இதுவரை எத்தனை போயிருக்கிறேன். ஐந்தாவது ஆறாவது எண்ணில் ஏதாவது ஒன்று நழுவிவிடும். விடை தவறினால் எங்கே தவறியது என்று பிள்ளைக்கும் தெரியாது. அந்த வகுப்பை நிறுத்திவிட்டோம்.

அந்த மாதிரிக் கணக்குக்குப் பள்ளியில் சொல்லித் தரும் நம்பர் பாண்ட் முறைதான், அதாவது எண்ணைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி. 13-ஐ 10, 3 என்று பிரி. 10-லிருந்து 8 போனால் 2. அதோடு 3 சேர்த்தால் 5. இதற்கு 10-இன் ஜோடிகள் (8-உம் 2-உம், 7-உம் 3-உம், 6-உம் 4-உம்) மனத்தில் பதிந்திருக்க வேண்டும். 12 − 9 போல இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முன்னோக்கி எண்ணுவது சுலபம்: 9-லிருந்து 10, 11, 12, விடை 3. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி முன்னோக்கி எண்ணிக் கழிக்கக் கற்பிக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் கேரன் ஃபூசன் 1986-இலேயே எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இது அவ்வளவாகப் பேசப்படாதது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

அவசரமும் வேண்டாம். 2019 முதல் தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் சேரும் தேர்வே கிடையாது. முதலாம் ஆண்டில் 100-க்குள் கூட்டல் கழித்தல், அடுத்த ஆண்டில் மூன்று இலக்கம். தொடக்கநிலை 1-இல் சேருவதற்கு முந்தைய டிசம்பர் விடுமுறையிலேயே அத்தனையையும் முடித்து அனுப்ப வேண்டும் என்று பெற்றோர் தவிப்பதைப் பார்த்தால் பிள்ளைகளை நினைத்துக் கவலையாக இருக்கிறது. 20-க்குள் 1, 2, 3 கழிக்கத் தெரிந்தால் கே2 பிள்ளைக்கு அது தாராளம்.

மகள் இன்றும் பின்னோக்கி எண்ணுகிறாள், ஆனால் எப்போது என்பதை அவளே முடிவுசெய்கிறாள். 402 − 3 என்றால் 401, 400, 399 என்று மனத்துக்குள் இறங்கிவிடுவாள். 402 − 398 என்றால் கீழிருந்து ஏறுவாள். 402 − 157 என்றால் பென்சிலை எடுத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கடன் வாங்கிப் போடுவாள். தம்பி இப்போது 7 − 2-க்கு விரலைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த வாரம் அவனுக்கு 10-இன் ஜோடிகளை ஆரம்பித்திருக்கிறேன்.