பெசலூ மலையடிவாரம்: கிராவல் வண்டியா, ஹார்ட்டெயிலா?

ஸ்பெயினின் கத்தலோனியாவில் இருக்கும் பெசலூ என்ற சிற்றூரின் இடைக்காலக் கல்பாலத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க எந்தச் சைக்கிளும் போதும். ஊரை விட்டு வெளியேறி, பிரனீஸ் மலைகளின் அடிவாரத்தில் வாரா வாரம் ஓட்டப்போகிறவருக்குத்தான் குழப்பம் வரும். சரளைப் பாதைக்கென்று வரும், வளைந்த ஹேண்டில்பார் வைத்த கிராவல் சைக்கிள் வாங்குவதா, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் வாங்குவதா? என்னிடம் கொஞ்ச காலம் இரண்டும் இருந்தன. ஹார்ட்டெயிலை விற்றுவிட்டேன். ஆகவே கீழே வருவதை ஒரு கட்சிக்காரன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். தார்ச்சாலையில் கிராவல் வேகம், கரடுமுரடில் ஹார்ட்டெயில் சுகம். கிராவல் இரண்டு மூன்று கிலோ குறைவாக இருக்கும். முதுகு வலி உள்ளவருக்கு நேரான ஹேண்டில்பார் நல்லது. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

இங்கே முடிவெடுக்கவைப்பது மண். பெசலூவைச் சுற்றி ஒரு காலை நேரத்துக்குள் மூன்று விதமான தரை வந்துவிடுகிறது. செரின்யா வழியாக பன்யோலெஸ் ஏரிப் பக்கம் போனால் (1992 ஒலிம்பிக்கில் படகோட்டப் போட்டி நடந்தது இந்த ஏரியில்தான்) சாம்பல் நிறச் சுண்ணக் களிமண். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை மாதிரி ஓடும். நனைந்தால் டயரோடு சேர்ந்து சுற்றி ஃபிரேமுக்குள் அடைத்துக்கொள்ளும். மேற்கே ஓலோட், சாந்தா பாவ் பக்கம் கரோச்சா வட்டாரத்தின் எரிமலைப் பகுதி. நாற்பது சிறு எரிமலைகள், எல்லாம் அடங்கிப்போனவை. கறுப்பும் சிவப்புமான எரிமலைச் சரளை, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீரை உறிஞ்சிவிட்டு மறுநாள் காலையிலேயே ஓட்டத் தயாராக இருக்கும். வடக்கே ஓயிஷ், சதேர்னெஸ் தாண்டினால் சுண்ணாம்புப் பாறை. முஷ்டி அளவு கற்கள், ஒன்றும் நிலையாக நிற்காது.

முதல் இரண்டுக்கும் கிராவல். மூன்றாவதற்கு ஹார்ட்டெயில். ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஏறி உட்கார்ந்து போகிறவர் முதல் இரண்டில்தான் பெரும்பாலும் இருப்பார். இரண்டுக்கும் நடுவே தார்ச்சாலைத் துண்டுகள் தவிர்க்க முடியாமல் வந்துகொண்டே இருக்கும். 45 மி.மீ. டயர் போட்ட கிராவல் வண்டி அந்தத் துண்டுகளைச் சலிப்பில்லாமல் கடத்திவிடுகிறது. ஹார்ட்டெயிலின் அகலமான, முள் முளைத்த டயர் தாரில் போடும் ரீங்காரத்தை நாள் முழுக்கக் கேட்டவருக்குத்தான் இது புரியும்.

இன்னொரு பக்கம் கரிலெட் பாதை. ஓலோட்டிலிருந்து ஜிரோனா வரை ஓடிய 750 மி.மீ. குறுகிய ரயில்பாதையை 1969இல் மூடினார்கள். இப்போது அது ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் சைக்கிள் பாதை. ரயில் ஏறிய சாய்வு என்பதால் எங்கேயும் மூச்சு முட்டாது. இதில் ஹார்ட்டெயில் ஓட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஏற்றத்தைப் பற்றி ஒரு கணக்கு. பெசலூவுக்கு மேலே 1,100 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் மாரே த தேவு தெல் மோன் என்ற மாதா கோயில் நிற்கிறது. அந்த மலையின் காட்டுப்பாதைகளில் சில இடங்களில் சாய்வு கொடூரமாக இருக்கும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் உள்ள கிராவல் வண்டியில் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. வேகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் திணறும். 32க்கு 51 வைத்த ஹார்ட்டெயில் அதே மிதிக்கு 5 கி.மீ. சொச்சத்தில் நகரும். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். முப்பது நிமிட ஏற்றத்தின் முடிவில் அது உயிர்போகும் வித்தியாசம். நல்லவேளையாக இப்போது கிராவல் வண்டிகளிலும் 51 பல் வரை உள்ள கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) வருகிறது, 40 பல்லோடு சேர்த்தால் 6 கி.மீ. பக்கம் இறங்கிவிடும். வாங்கும்போது பெயின்ட் நிறத்துக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இனி பராமரிப்பு. நான் கட்சி மாறியது முழுக்க இதனால்தான்.

ஓலோட்டைப் பற்றிக் கத்தலான்காரர்கள் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஓலோட்டில் மழை இல்லையென்றால் எங்கேயும் மழை இல்லை. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் ஸ்பெயின் என்றதும் நாம் நினைக்கும் வறண்ட வெயில் நாடு இதுவல்ல. ஈரமும் களிமண்ணும் மாறி மாறி வரும் இடத்தில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் பாவப்பட்ட உறுப்பு. அதன் இரண்டு வழவழப்பான குழாய்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரப்பர் சீலுக்குள் போய் வருகின்றன. சீல் ஓரத்தில் ஒட்டிய களிமண் காய்ந்து மாவாகிறது, அந்த மாவு மெல்ல உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்ச நாளில் சாம்பல் நிறச் சேறாக வெளியே வரும்.

ராக்‌ஷாக்ஸ் மாதிரியான தயாரிப்பாளர்களின் கையேடு, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றும் வேலையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. உள்ளே உள்ள காற்று அறை, குலுக்கலை அடக்கும் டேம்பர் சர்வீஸ் தனிக்கணக்கு. சிறுசிறு வேலைகளை வீட்டிலேயே செய்யலாம். ஃபோர்க்கை உரித்து, அளந்து எண்ணெய் ஊற்றி, சீலைக் கோணாமல் அழுத்தி உட்காரவைக்க எல்லோருக்கும் கை வராது. மெக்கானிக்கிடம் கொடுத்தால் சீசன் நேரத்தில் வண்டி ஒரு வாரம் திரும்பாது. அலட்சியம் செய்தால் குழாயின் மேல்பூச்சு கீறிப்போகும். கீறிய குழாயை மாற்றுவதற்குப் புது ஃபோர்க்கே வாங்கிவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு விலை சொல்வார்கள்.

கிராவல் வண்டியில் இந்த அத்தியாயமே இல்லை. கார்பன் ஃபோர்க் ஒரு கட்டை. தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். அதற்காக மற்றச் செலவு இல்லையென்று நினைத்துவிட வேண்டாம். டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், கோடையில் இன்னும் சீக்கிரம். சஸ்பென்ஷன் இல்லாததால் சுண்ணாம்புக் கல்லில் ரிம் அடிபடும். டயர் காற்றை 30 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்துக்கொண்டால் கைக்கு இதம், ரிம்முக்கு ஆபத்து. இந்த இழுபறியை ஒவ்வொருவரும் தன் எடைக்கு ஏற்பத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையிலான இடைவெளி ஹார்ட்டெயிலை விடக் குறைவு, ஆகவே மழைக்கு மறுநாள் பன்யோலெஸ் பக்கம் போனால் குச்சியால் சேற்றைச் சுரண்டுவது நிச்சயம். நான் அந்த மாதிரி நாள்களில் மேற்கே எரிமலைச் சரளைக்குத் திரும்பிவிடுகிறேன்.

கிராவலின் நிஜமான பலவீனம் பிரேக் லீவர்தான். கியரும் ஹைட்ராலிக் பிரேக்கும் ஒரே கைப்பிடிக்குள் இருப்பதால், கீழே விழுந்து அது உடைந்தால் மவுண்டன் பைக்கின் தனி லீவரைப் போலப் பல மடங்கு விலை. ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் அமைப்பு) வழியாகக் கேபிள் செல்லும் வண்டிகளும் இப்போது நிறைய. பார்க்க அழகு, பேரிங் மாற்ற உட்கார்ந்தால் தலைவலி. கேபிள் ஃபிரேமுக்கு வெளியிலிருந்து நுழையும் வண்டியாக, மிதி அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் மரை வைத்ததாகப் பார்த்து எடுத்தால் பாதித் தொல்லை குறையும். இத்தனையும் சேர்த்தும் ஆண்டுக் கணக்கில் என் செலவு குறைந்தது, அதைவிட முக்கியமாக வண்டி கடையில் நிற்கும் நாள்கள் குறைந்தன.

ஹார்ட்டெயில் ஜெயிக்கும் இடத்தை மறைக்கக் கூடாது. மேல் கரோச்சாவின் பாறை இறக்கங்களில் கிராவல் வண்டியை நான் பல இடங்களில் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். ஹார்ட்டெயில்காரர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள்ளேயே சுற்ற விரும்புகிறவர், அல்லது இறக்கத்துக்காகவே ஏறுகிறவர், ஃபோர்க் சர்வீஸ் செலவைச் சந்தா மாதிரி கட்டிவிட்டு ஹார்ட்டெயிலையே வாங்கட்டும். இளம் பிள்ளைகளோடு ஓட்டுகிறவருக்கும் அதுவே பொருத்தம்.

30, 40 மி.மீ. அசையும் கிராவல் சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் கடைகளில் இருக்கிறது. நான் தப்பித்து வந்த சீலும் எண்ணெயும் அதில் திரும்ப வந்துவிடும் என்பதால் எனக்கு ஆசை எழவில்லை. மின்மோட்டார் வைத்த கிராவலை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தது மட்டும் உண்டு. ஏற்றத்தில் சொர்க்கம். நாலு வருடம் கழித்து பேட்டரி எப்படி இருக்கும், மோட்டாருக்குள் களிமண் என்ன செய்யும் என்பதைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் வார்த்தையை நம்ப வேண்டாம். மறுவிற்பனையிலும் எனக்கு ஒரே ஒரு அனுபவம்தான். ஹார்ட்டெயிலை வாங்க வந்தவர் முதலில் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்தார், அடுத்து கேட்டது கடைசி சர்வீஸ் ரசீதை.

ஒரு வாரம் மட்டும் வருகிறவர் எதையும் வாங்க வேண்டாம். ஜிரோனாவில் வாடகை வண்டிக்குப் பஞ்சமே இல்லை. கேட்கும்போது 45 மி.மீ. டயர், டியூப்லெஸ், 40க்கு 51 கியர் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். காஸ்டெல்ஃபொலிட் ஊரின் 50 மீட்டர் பசால்ட் பாறைச் சுவரையும் அதன் உச்சி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளையும் பார்த்துவிட்டு, சாந்தா பாவ் போய் எரிமலை மண்ணில் விளையும் சின்ன வெள்ளை பீன்ஸ் ஒரு தட்டு சாப்பிட்டுத் திரும்ப அது தாராளமாகப் போதும்.