இரும்புப் பரண்: வாங்குவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

நிலக்கடலையில் காய் இறங்கும்போதும் மக்காச்சோளம் பால் பிடிக்கும்போதும் வெல்டிங் பட்டறைகளில் பரணுக்கு, அதாவது ராத்திரி ஏறி உட்கார்ந்து பயிரைக் காக்கும் மேடைக்கு, ஆர்டர் வரிசைகட்டும். ராத்திரி காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போன பயிர்க்காட்டைக் காலையில் பார்த்த கோபத்தோடு நேராகப் பட்டறைக்குப் போய் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அப்படி வாங்கிய பல பரண்கள் அடுத்த வருஷம் மாட்டுத்தீவனம் போட்டு வைக்கும் இடமாகிவிடுகின்றன. இரும்பில் குறையிருக்காது. அந்த நிலத்துக்குப் பரண் ஒத்துவராது என்பதுதான் காரணமாக இருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டது பட்டறையில் செய்து வாங்கும் நாலுகால் இரும்புப் பரண். 6 அடிக்கு 6 அடி தளம், தரையிலிருந்து 11 அடி உயரம், மேலே தகரக் கூரை, பக்கத்தில் ஏணி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். யானை வராத மேட்டாங்காட்டில் கடலை, ராகி, மக்காச்சோளம் போடுபவர், ராத்திரி உட்கார ஆள் இருந்தால், தாராளமாக வாங்கலாம். கரும்பு, வாழை, தென்னைக்கு இது வீண்செலவு. யானைத் தடத்தில் இருக்கும் நிலத்துக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

இணையத்தில் பரண் என்று தேடினால் அமெரிக்காவில் மான் வேட்டைக்கு விற்கும் பெட்டிப் பரண்களின் படங்கள்தான் அதிகம் வரும். நாலு பக்கமும் அடைத்து, சின்ன ஜன்னல் வைத்து, அழகாக இருக்கும். அதைப் பட்டறைக்காரரிடம் காட்டி அதேபோல் கேட்காதீர்கள். வேட்டைக்காரன் ஒளிந்துகொள்ள ஏறுகிறான். காவலுக்குப் போகிறவர் தெரிவதற்காக ஏறுகிறார். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. மனுஷ வாடையும் பேச்சும் வெளிச்சமும் காடு முழுக்கப் பரவினால் அதுவே பாதிக் காவல். நாலு பக்கமும் அடைத்த பெட்டியில் உட்கார்ந்தால் வாடை வெளியே போகாது, சத்தம் உள்ளே வராது. சட்டமும் நினைவில் இருக்கட்டும். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுட அனுமதித்தது உண்மைதான். ஆனால் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். பரணில் துப்பாக்கிக்கு இடமில்லை. வேலியில் நேரடிக் கரண்ட் விடுவது ஆளையும் யானையையும் சேர்த்துக் கொல்லும் வேலை. அதை யாரும் யோசிக்கவே கூடாது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நிலவில்லாத ராத்திரி, பரண் போட நினைக்கும் இடத்தில் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, அதன்மேல் கெட்டியான மேசையைப் போட்டு ஏறி உட்காருங்கள். இன்னொருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு, இடுப்பளவு குனிந்து எல்லையோரம் நடக்கட்டும். பன்றியின் தோள் உயரம் இரண்டரை அடிதான். டார்ச் அடித்தால் அவர் எங்கே தெரிகிறார், எங்கே மறைகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லையில் பாதிக்குமேல் மறைந்தால் பரண் அங்கே வேலைக்கு ஆகாது. நல்ல கைடார்ச் இருந்தால் சுற்றிலும் 75 மீட்டர் தூரத்துக்குள் தெளிவாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வட்டம் சுமார் நாலரை ஏக்கர். பரண் நிலத்தின் நடுவில் நின்றால்தான் இந்தக் கணக்கு. வீட்டுக்குப் பக்கம் என்று ஓரத்தில் போட்டால் பாதி வட்டம் அடுத்தவர் காட்டில் விழும்.

கடலைக்கும் ராகிக்கும் 8 அடி உயரமே போதும். மக்காச்சோளம் ஏழெட்டு அடி வளர்வதால் 11 அடி வேண்டும். அப்போதும் பன்றியைப் பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பது ஓரிடத்தில் மட்டும் பூக்கதிர் ஆடுவது, கேட்கக் கிடைப்பது தட்டு முறியும் சத்தம். காற்றில் ஆடும்போது கதிர்கள் அலையாகச் சாயும். பன்றி புகுந்தால் ஒரு கதிர் வெடுக்கென்று குலுங்கி நிற்கும், பிறகு பக்கத்துக் கதிர் குலுங்கும். கரும்பு பரண் தளத்தையே எட்டும், உள்ளே எதுவும் தெரியாது. வாழையில் இலையும் தென்னையில் மட்டையும் மறைக்கும். இவற்றுக்கெல்லாம் பணத்தை நல்ல கம்பிவேலியில் போடுவதே மேல்.

இனி யானை. தாளவாடி, கடம்பூர், அஞ்செட்டி, தளி பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. ராகி கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் யானை வருவது அவர்களுக்குத் தெரியும். வளர்ந்த ஆண் யானையின் தோளே 9 அடியைத் தொடும். தும்பிக்கையைத் தூக்கினால் 11 அடித் தளம் எட்டிவிடும். L வடிவ இரும்பு ஆங்கிளால் ஆன பரண் கால்களை அது முட்டினால் அடித்தளக் கான்கிரீட்டோடு சாயும். மேலே இருப்பவருக்கு இறங்கி ஓட ஒரே ஒரு ஏணி, அதுவும் யானை நிற்கும் பக்கமாக இருந்தால் அவ்வளவுதான். "உயரத்தில் இருக்கிறோம், பயமில்லை" என்ற நினைப்பே ஆளைக் கொல்லும். அங்கே பெரிய புளியமரத்தில் இருபதடிக்கு மேல், தடித்த கவைகளில் கட்டிய பரண்தான் ஏதோ பாதுகாப்பு. அதுவும் யானை வருவதைப் பார்த்து ஊருக்கும் வனத்துறைக்கும் போன் செய்ய மட்டும், விரட்டுவதற்கு அல்ல.

ஆள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மக்காச்சோளத்தில் பால் பிடிக்கும் அறுபதாம் நாளிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 45 ராத்திரி. கடலைக்கு விதைத்த முதல் வாரம் ஒரு முறை, காய் இறங்கியபின் ஐம்பது நாள் மறுபடி. ஒருவரே அத்தனை ராத்திரி விழிக்க முடியாது. பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ள முடியுமானால் பரண் போடுங்கள். தூங்குகிற காவலாள் இருக்கும் பரணுக்குப் பன்றி நாலே நாளில் பழகிவிடும்.

நிலம் ஒத்துவந்தது, ஆளும் இருக்கிறது என்றால் பட்டறையில் கவனிக்க வேண்டியவை இவை. கால்களுக்கு 50-க்கு 50 மில்லிமீட்டர் ஆங்கிள், கனம் 6 மில்லி. ஆங்கிள் 20 அடி நீளமாக வரும். 13½ அடியில் வெட்டினால் காலுக்குச் சரி, மிச்சம் 6½ அடி கூரைத்தூணுக்குச் சரி, துண்டு வீணாகாது. பட்டறையில் கிலோ கணக்கில்தான் விலை பேசுவார்கள். 6 மில்லி ஆங்கிள் ஒரு நீளம் சுமார் 27 கிலோ, 5 மில்லி என்றால் 23 கிலோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெட்டுவதற்கு முன் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். தளத்துக்குத் தகடு சேர்க்காமல் மொத்தம் 300 கிலோவை ஒட்டி வரும். அதைவிட மிகக் குறைவாக யாராவது சொன்னால் எங்கே மெலிதாக்கியிருக்கிறார் என்று கேளுங்கள்.

கால்கள் நேராக இருக்கக்கூடாது. தளத்தில் 6 அடி, தரையில் 8 அடி என்று நாலு பக்கமும் ஓரடி விரிந்திருக்க வேண்டும். நேர்கால் வைப்பது பட்டறைக்குச் சுலபம், ஆனால் ஆடிக்காற்றில் மேலே உட்கார முடியாமல் ஆடும். ஏணி வரும் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் 40 மில்லி ஆங்கிளில் பெருக்கல் குறிபோலக் குறுக்குத்தாங்கல் கட்டாயம். ஏணிப்பக்கம் மேலும் கீழும் படுக்கைத்தாங்கல். காசை மிச்சம் பிடிக்க முதலில் விடப்படுவது இந்தத் தாங்கல்கள்தான். பரண் ஆடி வெல்டிங் விரிசல் விடுவதற்கும் இதுவே காரணம். ஆங்கிளுக்குப் பதில் பைப் போட்டால் எல்லா முனையையும் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். திறந்த முனையில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே துரு தின்னும், வெளியில் பெயின்ட் பளபளக்கும். அதே ஓட்டையில் குளவி கூடு கட்டும், ராத்திரி இருட்டில் கை வைக்கும் இடமும் அதுதான்.

செம்மண்ணில் ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழம் குழி. 1:2:4 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) நாலு குழிக்கும் சேர்த்து 4 மூட்டை சிமென்ட் ஆகும். ஏழு நாள் தண்ணீர் விட்டபிறகே ஏற வேண்டும். கரிசலில் இந்த ஆழம் போதாது. அந்த மண் மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, ஒரு காலை மட்டும் தூக்கிவிடும். மூன்றரை அடி தோண்டி, அடியிலும் சுற்றிலும் கிராவல் போட்டு இறுக்கிவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். காலின் நீளத்தையும் அதற்கேற்பக் கூட்டிச் சொல்ல வேண்டும். எந்த மண்ணானாலும் கான்கிரீட்டைத் தரைக்கு மேல் நாலு அங்குலம் உயர்த்தி, தண்ணீர் வழியும்படி சரிவாகப் பூசுங்கள். ஆங்கிள் முதலில் அறுந்துபோவது மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு அங்குலத்தில்தான். மின்கம்பி போகும் வழியிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளிப் போடுங்கள். பரண் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது.

தளத்துக்குப் புள்ளி புடைத்த 3 மில்லி இரும்புத்தகடு பலமானது, ஆனால் மார்கழியில் பனியில் சில்லென்று இருக்கும், ஈரத்தில் வழுக்கும். ஒன்றேகால் அங்குல வேப்பம்பலகையை போல்ட் போட்டு முடுக்குவதே நல்லது. கைப்பிடி மூன்றரை அடி உயரம், நடுவில் ஒரு குறுக்குக்கம்பி. இதில் எல்லாரும் செய்யும் ஒரு தவறு உண்டு. மேலே கயிற்றுக்கட்டிலைப் போட்டுவிடுகிறார்கள். கட்டில் ஒன்றரை அடி, கைப்பிடியில் மிச்சம் இரண்டே அடி. தூக்கத்தில் புரண்டு எழுந்தால் பிடிக்க ஒன்றுமிருக்காது. பாய் விரித்துத் தளத்தில்தான் உட்கார வேண்டும்.

ஏணிப்படி ஓரடிக்கு ஒன்று. ஆங்கிள் துண்டு வைத்தால் செருப்பில்லாத காலை அறுக்கும், ஒரு அங்குலப் பைப் வைக்கச் சொல்லுங்கள். ஏணியின் இரண்டு கைகளும் தளத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசிப் படியில் பிடிமானம் கிடைக்காது. விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது விடியற்காலையில், தூக்கக் கலக்கத்தோடு பனி நனைத்த படியில் இறங்கும்போது. கையில் டார்ச்சும் தூக்குச்சட்டியும் இருந்தால் இன்னும் மோசம். சாமானைக் கயிற்றில் இறக்கிவிட்டு, இரண்டு கையும் காலியாக, ஏணியைப் பார்த்தபடி இறங்குங்கள்.

கூரைக்குத் தகரம் போதும். வெயில் நேரத்தில் அங்கே யாருக்கும் வேலையில்லை. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் காட்டுச் சத்தம் எதுவும் கேட்காது என்பது ஒரு குறை. தென்னங்கீற்று அந்த வகையில் நல்லது, ஆனால் குளிருக்கு அடியில் கணப்பு வைத்தால் பற்றிக்கொள்ளும். பக்கங்களைத் தார்ப்பாயால் முழுக்க மூடாதீர்கள், பலத்த காற்றில் பாய்மரமாகிப் பரணையே இழுக்கும். வாடைக்காற்று வரும் வடகிழக்கில் மட்டும் இரண்டடி உயரத்துக்குக் கட்டினால் போதும். கைப்பிடிக்குச் சில்வர் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். டார்ச் போட்டதும் அந்தப் பளபளப்பு கண்ணில் அடித்து, தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாமல் போகும். ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு, அதன்மேல் மங்கலான பச்சையோ பழுப்போ அடிக்கச் சொல்லுங்கள்.

இடி மழைக்கு இரும்புப் பரண் ஆபத்தான இடம். வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது அது ஒன்றுதான். எர்த் கம்பி இறக்கினாலும் மேலே இருப்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே இறங்கி வீட்டுக்குப் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குக் கல்மூங்கில் பரண் இருக்கிறது. மூன்று வருஷம் முற்றிய கழியாகப் பார்த்து, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் உளுக்காது. மண்ணில் இறங்கும் பகுதியை லேசாகக் கருக்கித் தார் பூசுங்கள். அப்படியும் கரையான் விடாது. இரண்டு பயிர்ப் பட்டத்துக்கு நம்பலாம், மூன்றாவதில் ஏறும் முன் ஒவ்வொரு காலையும் உதைத்துப் பாருங்கள். கட்டுக்கு நைலான் கயிறு பார்க்கப் புதிதாகவே இருக்கும், வெயில் தின்றபின் திடீரென்று அறும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

குத்தகை நிலத்தில் பயிர் வைப்பவர்கள் காலைக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டாம். போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்து வாங்குங்கள். காலுக்கு அடியில் எட்டு அங்குலச் சதுரத்தில் 10 மில்லி தகடு, கான்கிரீட்டில் புதைத்த நாலு 16 மில்லி போல்ட். குத்தகை முடிந்தால் கான்கிரீட் மட்டுமே அங்கே தங்கும். போல்ட் பரண் ஆடி ஆடித் தளரும் என்பதால் ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஒவ்வொரு பட்டத்துக்கு முன்பும் ஸ்பேனரோடு ஒருமுறை சுற்றி வர வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு துண்டிலும் அது சேரும் காலிலும் ஒரே எண்ணைப் பெயின்டில் எழுதிவிடுங்கள். பட்டறையில் ஓட்டை போட்டது கைக்கணக்கில்தான், ஒரு பக்கத்துத் தாங்கல் மறுபக்கத்தில் பொருந்தாது.