என்விடிஏ நன்றாகத்தான் வாசிக்கிறது, நோட்ஸ்தான் வாசிக்கிற மாதிரி இல்லை

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். என்விடிஏ திரைவாசிப்பானுக்கு ஐந்துக்கு நாலரை. அதை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படிப்பதற்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் எங்கள் துறையில் ஒரு மேடம் இருப்பதால் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இன்னும் கான்சாலிடேட்டட் மார்க் ஷீட் கைக்கு வரவில்லை.

எனக்குப் பார்வை இல்லை, திரையில் இருப்பதையெல்லாம் காதால்தான் படிக்கிறேன். தெரியாதவர்களுக்காக: விண்டோஸ் கணினியில் ஓடும் இந்த மென்பொருள் திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக மாற்றித் தரும், மவுஸ் இல்லாமல் விசைப்பலகையை மட்டும் வைத்தே எல்லா வேலையையும் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் எழுதத் தொடங்கியது, அப்புறம் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது. அதனால்தானோ என்னவோ, எந்த விசை எங்கே இருந்தால் விரல் தேடாமல் போகும் என்பதை யோசித்தே செய்திருக்கிறார்கள். காசு கிடையாது, பதிவிறக்கும்போது நன்கொடை கேட்கும், இல்லையென்றால் தாண்டிப் போகலாம். ஜாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும், உதவித்தொகையை நம்பிப் படிக்கிறவர்களிடம் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

தமிழில் பேசுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பேசும். மெனுக்களையே தன்னார்வலர்கள் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். குரலுக்கு இரண்டு வழி. ஒன்று, கூடவே வரும் ஈஸ்பீக், ரோபோ குரல், முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் வேகத்தை ஏற்றி வைத்தாலும் சொற்கள் குழையாது, செமஸ்டருக்கு முந்தைய வாரத்தில் அதன் அருமை தெரியும். இன்னொன்று, விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும் குரல், அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். கேட்க இதமாக இருக்கும், உரைநடைக்கு நான் அவரைத்தான் வைத்துக்கொள்வேன். சங்கப் பாடலுக்கு இரண்டுமே சுமார்தான், சீர் பிரித்தபடி கொடுத்தால் வரி புரியாது, சந்தி பிரித்த பாடம் கிடைத்தால் ஓரளவு பரவாயில்லை.

அந்த அரை மார்க் ஏன் குறைந்தது என்றால் எழுத்துப்பிழை. காதால் மட்டுமே தமிழ் படிக்கிறவர்களுக்கு ர, ற இரண்டையும், ந, ன இரண்டையும் பிரித்துக் கேட்பது பெரும் பாடு. எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டாலும் ஒலி கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். சின்ன வயதில் பிரெய்லில் படித்தவர்கள் விரலின் நினைவை வைத்துச் சமாளிப்பார்கள், இடையில் பார்வை போனவர்கள் கண்ணின் நினைவை வைத்து. மற்றவர்களுக்கு, திரையில் இருப்பதைப் பிரெய்ல் புள்ளிகளாக விரலுக்குத் தரும் பிரெய்ல் டிஸ்பிளே வேண்டும், அதன் விலையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். இது மென்பொருளின் குறை என்பதை விடத் தமிழின் ஒலி இப்போது இருக்கும் நிலை, ஆனாலும் தமிழ் எம்.ஏ. மாணவனுக்கு மார்க் போவது இதில்தான்.

இப்போது அந்த இரண்டு மார்க் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பாடக்குறிப்புகளில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணால் பார்ப்பவர்களுக்கு அழகான தமிழ், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? நாற்பது பக்க இலக்கண நோட்ஸ் முழுக்க ஜ்க்போ, ஜ்க்போ என்று ஓடும். தமிழைத் தமிழ் எழுத்தாகவே கோப்பில் சேமிக்கும் முறைக்குப் பெயர் யூனிகோடு, தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010இல். அதற்குப் பிறகு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு வந்துவிட்டார்கள், துறைக் கணினியில் பாமினி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இதற்காவது வழி இருக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி எழுத்துரு மாற்றியில் போட்டால் பாமினி, டிஸ்கி, வானவில் மாதிரிப் பழைய முறைகள் எல்லாம் யூனிகோடாக மாறிவிடும், அங்கங்கே ஒற்று சிதறும், தாங்கிக்கொள்ளலாம். ஸ்கேன் பிடிஎஃப்தான் உண்மையான தலைவலி. ஜெராக்ஸின் ஜெராக்ஸை மொபைலில் படம் எடுத்து, சாய்ந்த வாக்கில், ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரலோடு வாட்ஸாப் குரூப்பில் போடுவார்கள். என்விடிஏவைப் பொறுத்தவரை அது வெறும் படம், மௌனமாக இருக்கும். தமிழ்ப் படங்களுக்கு நான் பயன்படுத்துவது கூகுள் டிரைவ்: படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும், அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். கையெழுத்து நோட்ஸ் என்றால் ஆளைத்தான் தேட வேண்டும்.

மூல நூல்களுக்கு எனக்குப் பெரிய குறை இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் தொடங்கி எல்லாம் படமாக இல்லாமல் எழுத்தாகவே கிடைக்கிறது, விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் இருக்கின்றன. அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் பார்வையற்ற மாணவர்களை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள், ஆனால் நான் பட்டப்படிப்பை முடித்தது அவர்கள் புண்ணியத்தில். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் 2016 முதல் இருக்கிறது, பதிவு செய்துகொண்டால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல் இறக்கலாம். சிக்கல் வருவது உரைநூல்களிலும் புதிய ஆய்வு நூல்களிலும். நூலகத்தில் ஒரு நூலை ஸ்கேன் செய்து தரக் கேட்டேன், காப்பிரைட் பிரச்சனை வரும் தம்பி என்றார்கள். வராது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக ஏற்ற வடிவில் பிரதி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு உலகத்திலேயே முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா, 2014இல். நூலகரிடம் இதைச் சொன்னேன், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன், கடிதம் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது.

அந்த மேடம் என்ன செய்கிறார் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்புக்கு முந்தைய நாள் நோட்ஸை யூனிகோடில் வேர்டு கோப்பாக மெயில் செய்துவிடுவார், தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் போட்டு. ஹெட்டிங் இருந்தால் எனக்கு ஒரே விசையில் அடுத்த தலைப்புக்குத் தாவலாம், இல்லாவிட்டால் தொடக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடோ கமிட்டியோ தேவைப்படவில்லை. போர்டில் எழுதும்போது வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுவார், அது மற்ற பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது.

தேர்வு விஷயம் தனி. சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்வதும் கூடுதல் நேரமும் எங்களுக்கு உண்டு, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் சேர்த்துத் தருகிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுகிறவரை நாமே அழைத்துப்போனால், அவர் படிப்பில் நம்மை விட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எனக்கு ஒருமுறை வந்தவர் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, தங்கமான பையன், குற்றியலுகரத்தையும் ஆசிரியப்பாவையும் அன்றுதான் முதல்முறை கேள்விப்படுகிறான். அவன் விடும் ஒற்றுப்பிழை என் கணக்கில் சேரும். பாதி நேரம் எழுத்தைக் கூட்டிச் சொல்வதிலேயே போனது.

அதனால் கணினியில் நானே தட்டச்சு செய்கிறேன் என்று கேட்டேன். தேர்வுப் பிரிவில், அப்படியெல்லாம் வழக்கமில்லையே என்றார்கள். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலிலேயே பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு என்று எதில் பதில் தருவது என்பதை முடிந்தவரை தேர்வரே தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்தது. சொந்த லேப்டாப் கூடாது, ஆனால் தேர்வுக் கணினியை முந்தைய நாளே சோதித்துப் பார்க்க விட வேண்டும் என்றும் இருந்தது. அதன் நகலையும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் இணைத்துக் கடிதம் கொடுத்த பிறகு, கடைசி செமஸ்டரில் ஒரு தாளுக்கு மட்டும் அனுமதி வந்தது. தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்தேன், வந்த மார்க் எவ்வளவானாலும் அது என் மார்க்.

இதை முயன்று பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். என்விடிஏவை பென்டிரைவில் போட்டு, எந்தக் கணினியிலும் நிறுவாமலேயே ஓட்டலாம். ஆனால் வள்ளுவர் பென்டிரைவில் வர மாட்டார், அவர் அந்தந்த விண்டோஸில் இருந்தால்தான் உண்டு. ஈஸ்பீக் கூடவே வரும். தேர்வு அறையில் உங்களுக்குக் கிடைக்கப் போவது ஈஸ்பீக் குரல்தான் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதம் முன்பே காதைப் பழக்கிவிடுங்கள், முந்தைய நாள் சோதிக்கப் போகும்போது தமிழ் விசைப்பலகை இருக்கிறதா, ஹெட்போன் பின் பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்கள் தேர்வு அறைக் கணினியில் ஹெட்போன் ஓட்டையே உடைந்திருந்தது. யூஎஸ்பி ஹெட்போன் ஒன்றும் பையில் இருக்கட்டும்.