கல்யாண ஆல்பம் வேலைக்கு ஓர் அசெம்பிள்டு கணினி: ஒரு மதிப்பீடு

புகைப்படத் திருத்த வேலைக்குக் கணினி வேண்டும் என்று கடைக்குப் போனால், முதலில் பட்ஜெட்டைக் கேட்பார்கள்; அடுத்து ‘ஐ7 போதுமா, ஐ9 போடலாமா’ என்பார்கள். எந்த அளவு ஆல்பம் வடிவமைக்கிறீர்கள், ஒரே நேரத்தில் என்னென்ன திறந்து வைத்திருப்பீர்கள், வேலை செய்யும் அறையில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்கும் கடை அரிது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்தி வாங்கிய ஒரு டெஸ்க்டாப் கணினியைப் பற்றியது இந்த மதிப்பீடு. ஆவணி, தை முகூர்த்தங்களின் முழுச் சுமையையும் அது தாங்கிவிட்டதால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. இதைவிட வேகமான கணினி அதே தொகைக்குக் கிடைத்திருக்கும். ஆனால் ஏற்றுமதி ஓடிக்கொண்டிருக்கும்போது நீலத்திரைப் பிழை வந்து நிற்காத கணினிதான் எனக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்திருக்கிறது.

பாகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு கோர் கொண்ட ஏஎம்டி ரைசன் 7 7700 புராசஸர், பி650 சிப்செட் மதர்போர்டு, 32 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 ராம், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபியும் 2 டிபியுமாக இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய வேலைகளை வைக்க ஒரு ஹார்டு டிஸ்க், 650 வாட் கோல்டு தர எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), முன்பக்கம் வலை வைத்த சாதாரண கேபினட். கண்ணாடிப் பக்கமோ வண்ண விளக்குகளோ கேட்கவில்லை. புராசஸரோடு வந்த விசிறியில் மட்டும் விளக்கு இருக்கிறது, அதையும் அணைத்து வைத்திருக்கிறேன். மொத்த விலையை இங்கே எழுதுவதில் பயனில்லை. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால், அன்றைய கொட்டேஷன் இன்றைக்குச் செல்லாது.

ராமிலிருந்து தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் இந்த வேலையில் முதலில் மூச்சு முட்டுவது அங்கேதான். நம் ஊரில் பரவலாகப் போகும் 12×36 அங்குல ஆல்பம் விரிப்பை 300 டிபிஐயில் திறந்தால் அது 10,800×3,600 பிக்சல், அதாவது ஏறத்தாழ 3.9 கோடி பிக்சல். எட்டு பிட்டில் ஓர் அடுக்குக்கு மட்டும் 117 எம்பி வருகிறது. பதினாறு பிட் என்றால் அதுவே இரட்டிப்பு. பின்னணி, மணமக்கள், சிறு படங்கள், மாஸ்க், நிழல் என்று இருபது அடுக்கு சேர்ந்த ஒரு விரிப்பும், அதன் ஹிஸ்டரியும், பக்கத்தில் இன்னும் இரண்டு விரிப்புகளும் போட்டோஷாப்பில் திறந்திருக்க, பின்னால் லைட்ரூம் கிளாசிக் வரவேற்புப் படங்களை ஏற்றுமதி செய்துகொண்டிருக்க, குரோமில் வாட்ஸ்அப்பும் கூகுள் டிரைவ் பதிவேற்றமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண மாலையில் டாஸ்க் மேனேஜர் 40 ஜிபியைத் தாண்டிக் காட்டுகிறது. 32 ஜிபி வைத்திருந்தால் அந்த இடத்தில் கணினி எஸ்எஸ்டியைத் துணை நினைவகமாகப் பிடித்துக்கொண்டு தவழத் தொடங்கியிருக்கும். ஒரு படத்தைத் திறந்து நிறம் மட்டும் திருத்தி மூடுகிறவருக்கு 32 தாராளம். ஆல்பமும் வடிவமைப்பவருக்கு 64-ஐ ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த 64-ஐ எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் பல கொட்டேஷன்கள் தவறிப் போகின்றன. நான் விசாரித்த கடைகளில் ஒன்று 16 ஜிபி வீதம் நான்கு ராம் போட்டுத் தருவதாகச் சொன்னது. நான்கு இடமும் நிரம்பியிருந்தால் பார்க்க நன்றாக இருக்குமாம். டிடிஆர்5-இல் நான்கு ராம் போடுவது பார்வைக்கு மட்டுமே நல்லது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தரும் வேகம் இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600 மட்டுமே. கடைக்காரர் அந்த நான்கையும் 6000-இல் ஓட விட்டுக் கொடுத்தால், முதல் நாள் எல்லாம் சரியாகவே தெரியும். சித்திரை வெயிலில் அறை சூடேறிய ஒரு மதியம், காரணம் தெரியாமல் ஒரு ஏற்றுமதி பாதியில் நிற்கும். அதனால் இரண்டு ராம், அவையும் ஒரே பெட்டியில் இணையாக வந்தவை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 போன்ற வேகங்கள் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கி, மின்னழுத்தத்தை உயர்த்திப் பெறப்படுபவை; அது ஓவர்கிளாக்கிங்தான், அதாவது உறுதி தரப்பட்ட வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. நான் வாங்கியது 1.1 வோல்ட்டிலேயே 5600 வரை போகக்கூடிய, உலோகக் கவசம்கூட இல்லாத குரூஷல் ராம். மதர்போர்டு அதைத் தானாகவே 5200-இல் ஓட்டுகிறது, நானும் மாற்றவில்லை. விளையாட்டுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கலாம், ஆல்பம் வேலையில் உணரக்கூடியதாக இல்லை. குரூஷல் பெயரில் நுகர்வோருக்கு விற்பதை நிறுத்துவதாக அதன் தயாரிப்பாளரான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இனி வாங்குகிறவர்கள் இதே தன்மையுள்ள வேறு ராமைத் தேட வேண்டியிருக்கும்.

புராசஸர் விஷயத்தில், இன்டெலை விட்டு ஏஎம்டிக்குப் போனதற்கு வேகம் காரணமல்ல. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி நாளடைவில் கெடுகின்றன என்பதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (புராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கவும் செய்தது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. ஆகவே அந்தத் தலைமுறையில் செகண்ட் ஹேண்ட் வாங்க நினைப்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும், புதிதாக வாங்குபவர்கள் முதல் வேலையாக பயோஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும். ஏஎம்டியும் குறையற்றதல்ல: 2023-இல் எக்ஸ்3டி (கூடுதல் கேஷ் நினைவகம் கொண்ட) வகைப் புராசஸர்கள் சில மதர்போர்டுகளிலேயே கருகிய பிறகுதான் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற வரம்பு பயோஸ் வழியாக வந்தது. என்னுடைய 7700 அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 65 வாட் வகுப்பைச் சேர்ந்தது, முழுச் சுமையிலும் 90 வாட்டைத் தொடாதது, பெட்டியிலேயே விசிறியோடு வருவது. ஏசி இல்லாமல் மாடியறையில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கடைசி மூன்றும் பெஞ்ச்மார்க் எண்களைவிடப் பெரியவை.

கிராபிக்ஸ் கார்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த செயற்கை நுண்ணறிவு டீநாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) ஒன்றுக்காகவே அது தேவைப்படுகிறது. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தை இந்தக் கார்டு வினாடிக் கணக்கில் சுத்தம் செய்கிறது; புராசஸருக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸை நம்பினால் அது நிமிடக் கணக்காகும். போட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் இப்போதைக்கு 8 ஜிபி போதுமாக இருக்கிறது. டிரைவரில் மட்டும் விளையாட்டுக்கான கேம் ரெடியை விட்டுவிட்டு, என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரை நிறுவிக்கொள்வது நல்லது.

சேமிப்பில், விண்டோஸும் மென்பொருள்களும் 1 டிபி எஸ்எஸ்டியில். லைட்ரூம் கேட்டலாக், முன்னோட்டப் படங்கள், நடப்பு வேலைகளின் ரா கோப்புகள் (கேமராவின் மூலக் கோப்புகள்) எல்லாம் 2 டிபியில். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவ நேர்ந்தாலும் வேலை தப்பிக்கும் என்பதே இந்தப் பிரிவினையின் பொருள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்எம்ஆர் என்ற வகையில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல் படிந்திருப்பதால், நூற்றுக்கணக்கான ஜிபியைத் தொடர்ந்து எழுதும்போது அது இழுபறியாகிவிடும். தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர் வகைதானா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். கடையில் கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்பார்கள்.

இனி மின்சாரம். நிலைத்து நிற்கும் கணினி என்ற பேச்சில் பாதி இங்கேதான் இருக்கிறது, கொட்டேஷனிலோ இது கடைசி வரியாக இருக்கிறது. இந்தக் கணினி முழுச் சுமையில் இழுப்பது 300 வாட்டைச் சுற்றித்தான். 4060 கார்டின் இழுப்பே 115 வாட். அப்படியிருந்தும் 650 வாட் எஸ்எம்பிஎஸ் எடுத்ததற்குக் காரணம், பாதிச் சுமையில் ஓடும்போது அது சூடேறாமல், சத்தமில்லாமல் இருக்கும் என்பதும், நாளை கார்டை மாற்றினாலும் தாங்கும் என்பதும்தான். பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் கோல்டு முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே நல்ல கெபாசிட்டர் இருக்கிறதா, மின்னழுத்தம் எகிறினால் தானாக நின்றுகொள்ளுமா என்பதை அது சொல்லாது. இதற்குச் சாமானியர் பார்க்கக்கூடிய அடையாளம் வாரண்டிக் காலம்: ஏழு, பத்து ஆண்டு தருபவர்கள் மூன்று ஆண்டு தருபவர்களைவிடத் தங்கள் பொருளை அதிகம் நம்புகிறார்கள் என்று கொள்ளலாம்.

யூபிஎஸ் விஷயத்தில், வீட்டுக் கணினிகளோடு வழக்கமாகத் தரும் 600 விஏ பெட்டி 360 வாட்தான் தரும். முழுச் சுமையில் மானிட்டரும் சேர்ந்தால் அது விளிம்பில் நிற்கும், கரண்ட் போன நொடியிலேயே சில நல்ல எஸ்எம்பிஎஸ்களோடு ஒத்துப்போகாமல் அணைந்தும் விடும். 1100 விஏ, 660 வாட் அளவில் வாங்கினேன். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புகிறவர்கள் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்; சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதல் என்பதால், விசிறி நிற்காவிட்டாலும் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். லைட்ரூம் கேட்டலாக் ஒரு தரவுத்தளம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெட்டுப்போக வாய்ப்புண்டு. எர்த் இல்லாத பாயின்ட்டில் கணினியைச் செருகினால், எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் கேபினட்டில் தங்கி, கை பட்டால் சுரீர் என்று இழுக்கும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். இதைக் கண்டதும் கணினியைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்களை அறிவேன். அழைக்க வேண்டியது எலக்ட்ரீஷியனை.

கடையின் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருத்தும் வேலை சுத்தமாக இருந்தது. கேபிள்கள் பின்பக்கம் கட்டப்பட்டிருந்தன, கேட்டதும் பயோஸைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இரவு முழுக்க ராம் சோதனையை ஓட விட்டு, மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றபோது முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். மெம்டெஸ்ட் என்ற அந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்றச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் என்ற பெயரில் பதிவுகள் விழுகின்றனவா என்று அவ்வப்போது பார்க்கலாம். கணினி வெளியே காட்டிக்கொள்ளாமல் திருத்திக்கொள்ளும் வன்பொருள் பிழைகள் அங்கே முன்கூட்டியே தெரியும். என் கணினியில் அந்தப் பக்கம் இதுவரை காலி.

குறைகளும் உண்டு. பயோஸைப் புதுப்பித்த பிறகோ ராமைக் கழற்றி மாட்டிய பிறகோ முதல்முறை இயக்கும்போது, மதர்போர்டு ராமைப் பழக்கிக்கொள்வதற்காகத் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். விவரம் தெரியாதவர் அந்நேரம் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுவார். பெட்டியோடு வந்த விசிறி நீண்ட ஏற்றுமதியின்போது கேட்கும்படி இரைகிறது. அமைதி வேண்டுபவர் தனி கூலர் வாங்கிக்கொள்ளட்டும். முன்பக்க வலையில் மாதம் ஒருமுறை தூசு தட்டாவிட்டால் வெப்பம் ஏறுகிறது.

படத்தோடு வீடியோவும் தொகுப்பவர்களுக்கு இந்தக் கூட்டணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோனி ஏ7 4 போன்ற கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற நிறவளம் மிகுந்த வீடியோ கோப்புகளை 4060 கார்டோ 7700 புராசஸரோ வன்பொருள் வழியாகத் திறப்பதில்லை. டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். அவர்கள் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கோ, முன்சொன்ன கோளாறு இல்லாத இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கோ போவதே சரி. மேக் மினியும் இந்த இடத்தில் நல்ல போட்டியாளர்தான். ஆனால் வாங்கிய ராமோடு கடைசிவரை வாழ வேண்டும்.

பில் வாங்கும்போது, ஜிஎஸ்டியோடு ஒவ்வொரு பாகத்தின் பெயரும் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘கம்ப்யூட்டர் சிஸ்டம் - 1’ என்று ஒரே வரியில் போட்டுக் கொடுத்தால், மூன்றாம் ஆண்டில் எஸ்எம்பிஎஸ் மட்டும் போகும்போது சர்வீஸ் சென்டரில் அந்தக் காகிதம் உதவாது. புராசஸரின் காலிப் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். டிரேயில் (பெட்டியில்லாமல் மொத்தமாக) வந்த புராசஸரைப் பெட்டி விலைக்கு விற்பதும் அந்தத் தெருவில் நடக்கிறது.