பூ மூட்டை கட்டும் சைக்கிளுக்குப் பின்விளக்கும் ஒளிரும் டேப்பும்: ஆறு மாதம் பார்த்த பிறகு

அப்பா விடியற்காலை நாலரைக்கெல்லாம் சாமந்தி மூட்டையை கேரியரில் கட்டிக்கொண்டு காரிமங்கலம் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பிவிடுவார், அங்கிருந்து பூ தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போகும். மொத்தம் நாலு கிலோமீட்டர்தான். ஆனால் அதில் ஒன்றரை கிலோமீட்டர் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரமாகவே போக வேண்டும். போன மார்கழிப் பனியில் ஒரு டிப்பர் லாரி அவர் முதுகுக்குப் பின்னால் டயர் தேயத் தேய பிரேக் போட்டு நின்றது. அவர் அதை வீட்டில் சொல்லவே இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே தர்மபுரிக்குப் போய் ஒரு சைக்கிள் கடையில் இதெல்லாம் வாங்கினேன்.

முதலில் விளக்கு. சார்ஜ் போடும் சிவப்பு பின்விளக்கு, 350 ரூபாய். வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது, விட்டு விட்டு எரியும்படி வைத்தால் ஒரு சார்ஜ் எங்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் வருகிறது. குறை என்னவென்றால், அதை சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியில் மாட்டுகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். மூட்டையைக் கட்டிவிட்டால் விளக்கு அப்படியே அதற்குப் பின்னால் மறைந்துபோகிறது. பால் கேனோ புல்லுக்கட்டோ ஏற்றுகிற யாருக்கும் இதே கதிதான். கடைக்கார அண்ணனிடம் சொன்னதும் ஒரு தகட்டை வளைத்து, மட்கார்டின் கடைசி நுனியில் நட்டு போட்டு விளக்கை இறக்கி மாட்டிக்கொடுத்தார், இப்போது மூட்டைக்குக் கீழே தெரிகிறது. கூடவே வந்த ரப்பர் பட்டை மூன்றே வாரத்தில் அறுந்துவிட்டது. பழைய டியூபை வெட்டிக் கட்டியிருக்கிறேன், அது இன்னும் அசையவில்லை.

உண்மையில் எனக்கு முழுத் திருப்தி கொடுத்தது, வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற அந்த டேப்தான். பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை, பெடல் இரண்டிலும் முன்னும் பின்னும் மஞ்சள் என்று அண்ணன் அவரே துடைத்து ஒட்டினார், அதற்குக் கூலி வாங்கவில்லை. "தம்பி, பெடல்ல ஒட்டுறதுதான் முக்கியம்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு நாள் இருட்டில் அப்பாவுக்குப் பின்னால் பைக்கில் போய்ப் பார்த்தேன்: சிவப்பு விளக்கை மட்டும் பார்த்தால் தூரத்தில் எது நிற்கிறது, எது நகர்கிறது என்றே சொல்ல முடியவில்லை, பெடலில் அந்த இரண்டு மஞ்சள் கோடும் மாறி மாறி மேலே ஏறி இறங்குவதைப் பார்த்ததுமே ஆள் மிதித்துக்கொண்டு போகிறார் என்று தெரிந்துவிட்டது. லாரி ஓட்டும் மாமா ஒருவரும் இதையேதான் சொன்னார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஓட்டுகிறவர் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். அதனால் ஒரு நொடி முன்னால் ஆள் என்று தெரிவதே பெரிய விஷயம். டேப்புக்கு சார்ஜும் வேண்டாம், சேறு படிந்தால் துணியால் துடைத்தால் போதும்.

அம்மாவுக்கு வாங்கிய ஆரஞ்சு கோட்டு மட்டும் வீண். பூப்பறிக்க இருட்டில் நடந்து போகிறவர், குளிருக்குச் சால்வை போர்த்தினால் கோட்டு எங்கே தெரியும்? அப்புறம் மிச்சமிருந்த டேப்பை ஒரு துணிப் பட்டையில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன், கணுக்காலில் கட்டிக்கொள்கிறார். கூட நடக்கும் அத்தைமார்களும் இப்போது கேட்கிறார்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கமாக, வண்டி எதிரே வருவது தெரியும்படி நடங்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் இருந்தும் சர்வீஸ் ரோடு முடிகிற இடத்தில் எனக்குப் பயம் போகவில்லை. திடீரென்று பாதை நின்றுபோய், லாரிகளோடு லாரியாக சைக்கிளும் மெயின் ரோட்டில் ஏற வேண்டியிருக்கிறது. எந்த விளக்கும் அதைச் சரிசெய்யாது, அங்கே தனிப் பாதைதான் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கமும் அப்படி இருந்தால் நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.

விளக்குக்கு ஐந்துக்கு மூன்று, டேப்புக்கு ஐந்துக்கு ஐந்து. விளக்கு வாங்குவதாக இருந்தால் சைக்கிளில் மூட்டையைக் கட்டியே கடைக்குக் கொண்டுபோங்கள், எங்கே மாட்டினால் தெரியும் என்று அங்கேயே பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு பிளஸ் ஒன்னில் கொடுத்த சைக்கிளை அண்ணனிடம் எடுத்துப் போகிறேன், அதற்கு பெடலில் மட்டும் ஒட்டினால் போதும்.